‘நேக்கட்’ என்று காதில் விழுந்தால் பதற வேண்டாம்

குமுளியில் விடுதி வேலைக்கும் தேக்கடியில் வழிகாட்டி வேலைக்கும் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்காக இது. கம்பத்திலிருந்து மலையேறி வரும் உங்களுக்கு, மலையாளத்தில் ‘வெள்ளம்’ கேட்பவர் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார் என்பது இரண்டே நாளில் பிடிபட்டுவிடும். பிரிட்டன் விருந்தாளிகளின் பேச்சுக்கும் அதே காதுதான் வேண்டும்.

முதலில் எந்தப் பக்கத்து ஆள் என்று விசாரியுங்கள். ஸ்காட்லாந்துக்காரர் ‘ர்’ ஒலியை அழுத்திச் சொல்வார். லண்டன்காரர் பல இடங்களில் அதை விழுங்கிவிடுவார். அதனால் லண்டன்காரர் வாயில் ‘பார்மி’யும் ‘பாமி’யும் ஒன்றுபோலவே ஒலிக்கும். ‘பாமி’ என்றால் இதமான வானிலை. ‘பாம்’ என்னும் நறுமணப் பிசினின் வழி வந்தது. ‘பார்மி’ என்றால் கிறுக்கு. பீர் புளிக்கும்போது மேலே திரளும் நுரைக்கு ‘பார்ம்’ என்று பெயர். ஆப்ப மாவில் கள் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை; அந்த நுரை தலைக்குள் பொங்குகிறது, அவ்வளவுதான். பேச்சு வானிலையைப் பற்றியதா, ஆளைப் பற்றியதா என்று பார்த்தால் குழப்பம் தீரும்.

காட்டு நடை முடிந்து வந்தவர் தாம் ‘நேக்கர்ட்’ என்றால், ‘ர்’ விழுங்கப்பட்டு ‘நேக்கட்’ (நிர்வாணம்) என்று காதில் விழலாம். உடை இல்லை என்று பொருளல்ல. கிழட்டுக் குதிரைகளை வாங்கி அடித்து விற்பவர் ‘நேக்கர்’. அந்தக் குதிரை அளவுக்குக் களைத்துவிட்டாராம். நாற்காலியைப் போடுங்கள். வட இங்கிலாந்துக்காரர் சாயங்காலம் ‘டீ’ எப்போது என்றால் ஏலக்காய்த் தேநீரை நீட்டாதீர்கள். பெரும்பாலும் அவர் கேட்பது சாப்பாடு.

நம் ‘கறி’தான் ஆங்கிலக் ‘கறி’. ஆனால் ‘கறி ஃபேவர்’ என்றால் காக்காய் பிடிப்பது. இந்தக் ‘கறி’ குதிரைக்கு உடம்பு தேய்த்துவிடுவதைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல். 14ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துப் பிரெஞ்சு அங்கதக் கவிதை ஒன்றில் ஃபோவெல் என்ற குதிரையைப் பெரிய மனிதர்களெல்லாம் தேய்த்துவிடுகிறார்கள். குதிரையின் பெயர்தான் பிறகு ‘ஃபேவர்’ என்று மருவியது.

முதலெழுத்துகளைக் கோத்துச் சொல்லும் பிறப்புக் கதை எதையும் சட்டென்று நம்பாதீர்கள். இந்தியாவுக்குக் கப்பலேறிய பணக்காரர்கள் போகும்போது இடப்பக்கமும் திரும்பும்போது வலப்பக்கமும் அறை எடுத்ததால், ‘போர்ட் அவுட், ஸ்டார்போர்டு ஹோம்’ என்பதன் முதலெழுத்துகளிலிருந்து ‘போஷ்’ (பணக்காரத் தோரணை) பிறந்தது என்பார்கள். அப்படி முத்திரை குத்திய ஒரு டிக்கெட்கூட இதுவரை கிடைக்கவில்லை. படகில் சொல்ல நல்ல கதை என்பதை மறுக்கவில்லை. கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.