கிரியேட்டிவ் மிட்ஃபீல்டரின் ஆட்டத்தைப் படிப்பது எப்படி? புதிதாகப் பார்ப்பவர்களுக்கான செய்முறை

"கோலும் அடிக்கவில்லை, எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்கவும் இல்லை. அப்படியென்ன செய்துவிட்டார் இவர்?" கால்பந்து பார்க்கத் தொடங்கிய பலருக்கு கிரியேட்டிவ் மிட்ஃபீல்டரைப் பற்றி, அதாவது நடுக்களத்திலிருந்து கோல் வாய்ப்புகளை உருவாக்கும் வீரரைப் பற்றி, இந்தக் கேள்வி வரும். எனக்கும் வந்தது. விடை அவரது காலில் பந்து வருவதற்கு முந்தைய சில நொடிகளில் இருக்கிறது. டிவி நம் கண்ணைப் பந்தோடு கட்டிப்போட்டுவிடுவதால்தான் அது தெரிவதில்லை. அந்தக் கட்டை அவிழ்க்கும் முறையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். ஆஃப்சைடு, ஃபார்மேஷன் எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: ஆட்டம், ஆள், காகிதம்

ஹைலைட்ஸ் வேண்டவே வேண்டாம். அதில் பாஸின் கடைசி நொடி மட்டும்தான் இருக்கும். முழு ஆட்டத்தின் பதிவை எடுத்துக்கொள்ளுங்கள். முடிவு தெரிந்த ஆட்டமாக இருந்தால் இன்னும் நல்லது, பதற்றம் இல்லாமல் ஒரே ஆளைப் பார்க்கலாம். குரோஷியாவின் லூக்கா மோட்ரிச், பெல்ஜியத்தின் கெவின் டி ப்ரய்னா, ஸ்பெயினின் சாவி மூவரில் யாரிடமிருந்து தொடங்கினாலும் சரி.

கருவி என்றால் காகிதமும் பென்சிலும்தான். ஹீட்மேப் காட்டும் செயலிகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர் எங்கே பந்தைத் தொட்டார் என்று அது சொல்லும், தொடுவதற்கு முன் எதைப் பார்த்தார் என்று சொல்லாது.

படி 2: இரண்டு வரிசைகளைக் கண்டுபிடியுங்கள்

எதிரணியின் டிஃபென்டர்கள் ஒரு வரிசை. அவர்களுக்கு முன்னால் மிட்ஃபீல்டர்கள் இன்னொரு வரிசை. இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளிதான் நம் ஆள் தேடும் இடம். அங்கே அவர் பந்தை வாங்கித் திரும்பிவிட்டால் சென்டர் பேக்குக்கு (நடுவில் நிற்கும் டிஃபென்டருக்கு) தர்மசங்கடம். முன்னேறி வந்தால் பின்னால் ஓட்டை விழும், நின்ற இடத்திலேயே நின்றால் பாஸ் கொடுக்க நேரம் கிடைத்துவிடும்.

இதே போன்ற இன்னொரு இடம், சென்டர் பேக்குக்கும் ஃபுல்பேக்குக்கும் (ஓரத்து டிஃபென்டருக்கும்) நடுவிலுள்ள நீளப் பாதை. டி ப்ரய்னா அதன் வலப்பக்கத்திலிருந்து அனுப்பும் கிராஸ்களை மட்டும் தொகுத்தாலே ஒரு பாடம் நடத்தலாம். 2019-20 பிரீமியர் லீக் சீசனில் 20 அசிஸ்ட் (கோலுக்கு முந்தைய கடைசி பாஸ்) கொடுத்து, 2002-03இல் தியெரி ஆன்ரி வைத்த சாதனையைச் சமன் செய்தார்.

படி 3: பந்திலிருந்து கண்ணை எடுங்கள்

பலர் தடுக்கி நிற்கும் இடம் இது. எனக்கும் பழக நெடுநாள் ஆனது. ஆகவே கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

முதல் பாதியில் ஏதாவது பத்து நிமிடத்தை எடுத்துக்கொண்டு நம் ஆளை மட்டும் பாருங்கள். பந்து எங்கே இருக்கிறது என்ற கவலை வேண்டாம். வர்ணனையாளரின் குரலை வைத்தே அதைத் தெரிந்துகொள்ளலாம், காது பந்துக்கு, கண் ஆளுக்கு. அப்படியும் கண் தானாகவே பந்திடம் ஓடும். ஓடினால் திரும்பக் கொண்டுவாருங்கள். அதைத் தவிர வேறு வழி கிடையாது.

கவனிக்க வேண்டியது தலை. சக வீரரிடம் பந்து இருக்கும்போதே இவர் வலது தோளுக்கு மேல் ஒரு முறை, இடது தோளுக்கு மேல் ஒரு முறை என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார். சாவியிடம் இது நன்றாகவே தெரியும். நார்வே ஆய்வாளர் கெய்ர் யோர்டெட் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார். பந்து வருமுன் அடிக்கடி சுற்றிப் பார்க்கும் மிட்ஃபீல்டர்களின் பாஸ்கள் கூடுதலாக இலக்கைச் சேர்கின்றன என்று அவரது ஆய்வு காட்டியது.

அப்புறம் உடல் நிற்கும் கோணம். பாதி திரும்பிய நிலையில், தூரத்துக் காலில் (பந்து வரும் பக்கத்திலிருந்து தள்ளியிருக்கும் காலில்) பந்தை வாங்கினால் முன்னால் பாதை திறக்கும். கோலுக்கு முதுகைக் காட்டியபடி வாங்கினால் பெரும்பாலும் பின்பாஸ்தான்.

பந்து அவர் காலுக்கு வரும் நொடியில் வீடியோவை நிறுத்துங்கள். அடுத்து எங்கே கொடுப்பார் என்று காகிதத்தில் குறித்துவிட்டு ஓட விடுங்கள். உங்கள் கணிப்பு தவறும் இடங்கள்தான் முக்கியம். அவர் பார்த்து நீங்கள் பார்க்காத ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. பின்னால் ஓட்டித் தேடுங்கள்.

படி 4: "யாரை நகர்த்தினார்?"

ஒவ்வொரு நல்ல பாஸுக்கும் எதிரே இந்தக் கேள்விக்கான பதிலை எழுதுங்கள். 2006 உலகக் கோப்பை அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக 119ஆவது நிமிடம். கார்னரில் வந்த பந்து முழுதாக வெளியேறாமல் பெனால்டி பகுதியின் விளிம்பில் இத்தாலியின் மிட்ஃபீல்டர் பிர்லோவிடம் வருகிறது. அவர் அவசரமாக உதைக்கவில்லை. பக்கவாட்டில் நகர்கிறார், டிஃபென்டர்கள் அவரை நோக்கி இழுபடுகிறார்கள், அவர்கள் விட்ட இடத்துக்குள் சக வீரர் க்ரோஸோவுக்குப் பந்து போகிறது. கோல். பந்தைவிட டிஃபென்டர்களின் கால்களைப் பாருங்கள், எல்லாம் புரிந்துவிடும்.

இடமே இல்லாதபோது வானத்து வழி. 2022 ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் செல்சிக்கு எதிராக ரியல் மாட்ரிட்டின் மோட்ரிச் வெளிப்பாதத்தால் தற்காப்பு வரிசைக்கு மேலாக அனுப்பிய பாஸை ரொட்ரிகோ நேராக கோலாக்கினார். ரியல் மாட்ரிட் போட்டியிலேயே நீடித்தது அந்தப் பாஸால்தான்.

அசிஸ்ட் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். அசிஸ்டுக்கு முந்தைய பாஸ் எந்த அட்டவணையிலும் பெரிதாக வராது. பூட்டு பல முறை அங்கேதான் உடைந்திருக்கும்.

படி 5: அவர் வெளியேறிய பிறகும் பாருங்கள்

2006 உலகக் கோப்பை காலிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக அர்ஜென்டினா 1-0 என முன்னிலையில் இருந்தபோது 72ஆவது நிமிடத்தில் தங்கள் கிரியேட்டிவ் மிட்ஃபீல்டர் ரிக்கெல்மேயை எடுத்துவிட்டு கம்பியாஸோவை இறக்கினார்கள். 80ஆவது நிமிடத்தில் ஜெர்மனியின் க்ளோஸ சமன் செய்தார், பெனால்டியில் ஜெர்மனி வென்றது. அர்ஜென்டினா கோல்கீப்பர் காயத்தால் வெளியேறியதும் ஒரு காரணம், பழி முழுவதையும் அந்த ஒரு மாற்றத்தின் மேல் போட மாட்டேன். ஆனாலும் அதற்குப் பிறகு பந்தை வைத்து ஆட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்த அர்ஜென்டினாவிடம் ஆள் இல்லை. அந்த ஆட்டத்தை மறுபடி பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும்.

பின்சேர்க்கை (வாசகர் கேள்விகளுக்காக)

கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் ஆள் திரையிலேயே இல்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். உயரத்திலிருந்து முழு மைதானத்தையும் காட்டும் டாக்டிகல் கேமரா பதிவு கிடைத்தால் அதையே எடுங்கள். இல்லையென்றால் த்ரோ இன், கோல் கிக் நேரங்களில் அவர் எங்கே போய் நிற்கிறார் என்று மட்டும் குறியுங்கள்.

"என் ஆள் டிஃபென்டர்களுக்குப் பக்கத்திலேயே நிற்கிறாரே?" என்று இன்னொரு கேள்வி. பிர்லோவும் அப்படித்தான். தாக்கும் மிட்ஃபீல்டராகத் தொடங்கிய அவரை ப்ரெஷியா கிளப்பில் பயிற்சியாளர் மட்ஸோனே பின்னால் இறக்கினார், மிலான் கிளப்பில் பயிற்சியாளர் அன்செலோட்டி அங்கேயே நிலைநிறுத்தினார். இப்படிப்பட்ட ஆளுக்குப் படி 2ஐ மட்டும் மாற்றுங்கள்: வரிசைகளுக்கு நடுவே அவரைத் தேடாமல், அவரது பாஸ் எத்தனை வரிசையைத் தாண்டுகிறது என்று எண்ணுங்கள்.

கடைசியாக, எதிரணி ஒரு ஆளை அவர் மேலேயே ஒட்டவைத்துவிட்டால்? அவர் எங்கே நடந்து போகிறார் என்று பாருங்கள். ஓரத்துக்குப் போய் அந்தக் காவலாளியையும் கூடவே இழுத்துச் சென்றால், நடுவில் வேறொருவருக்கு இடம் கிடைக்கும். பந்தைத் தொடாமலேயே செய்யும் வேலை அது. காகிதத்தில் அதற்கும் ஒரு கோடு போடுங்கள்.