இரத்தக் குழாய்களைப் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆக்சிஜன் மிகுந்த இரத்தத்தைக் கொண்டு செல்வது தமனி, ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தைக் கொண்டு செல்வது சிரை என்று மனப்பாடம் செய்துகொள்வதுதான் மாணவர்களிடம் மிகப் பரவலாகக் காணப்படும் தவறு. இரத்தம் செல்லும் திசையே இரண்டையும் பிரிக்கிறது. இதயத்திலிருந்து வெளியே கொண்டு செல்வது தமனி, இதயத்தை நோக்கித் திருப்பிக் கொண்டு வருவது சிரை. நுரையீரல் தமனி வலது கீழறையிலிருந்து ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தையே எடுத்துச் செல்கிறது. நுரையீரல் சிரைகளோ ஆக்சிஜன் நிறைந்த இரத்தத்தை இடது மேலறையில் சேர்க்கின்றன. தொப்புள்கொடியிலும் இதே நிலைதான்: அதிலுள்ள இரண்டு தமனிகள் ஆக்சிஜன் குறைந்த இரத்தத்தை நஞ்சுக்கொடிக்குக் கொண்டு செல்ல, ஒரே ஒரு சிரை ஆக்சிஜன் பெற்ற இரத்தத்தைக் கருவுக்குத் திருப்பி அளிக்கிறது.

பாடநூல் படங்களில் சிரைகளுக்கு நீலம் தீட்டுவது வேறுபடுத்திக் காட்டுவதற்காக மட்டுமே. மனித இரத்தம் உடலுக்குள் எங்கும் நீலமாக இருப்பதில்லை. ஆக்சிஜன் குறைந்த இரத்தமும் கருஞ்சிவப்புதான்.

சிரையின் சுவர் மெல்லியது என்பதால் அதற்கு அடுக்குகள் குறைவு என்று எழுதுவதும் பிழையே. தமனி, சிரை இரண்டுக்கும் மூன்று அடுக்குகள் உண்டு. தசையும் மீள்தன்மை இழைகளும் கொண்ட நடு அடுக்கு தமனியில் தடிப்பாகவும் சிரையில் மெல்லியதாகவும் இருக்கிறது என்பதே வேறுபாடு. அந்த மெல்லிய சுவரைக் குறையாகக் கருதிவிடக் கூடாது. எளிதில் விரிந்துகொடுக்கும் அந்தத் தன்மையால்தான், ஓய்வு நிலையில் உடலின் மொத்த இரத்தத்தில் ஏறத்தாழ 60 சதவீதத்துக்கும் மேல் சிரைகளில் தங்கியிருக்க முடிகிறது. எல்லாச் சிரைகளிலும் வால்வுகள் இருப்பதாகவும் பொதுப்படையாகச் சொல்லிவிட முடியாது. அவை கை, கால் சிரைகளில் மிகுதி. இதயத்தில் நேராக வந்து சேரும் பெருஞ்சிரைகளில் இல்லை எனலாம்.

தமனிகளையும் சிரைகளையும் இணைக்கும் நுண்குழாய்களான தந்துகிகள் பற்றிய தவறு இன்னும் நுட்பமானது. தோட்டத்துக் குழாயின் வாயை விரலால் அழுத்தினால் நீர் பீறிட்டு அடிப்பதைப் போல, 5 முதல் 10 மைக்ரோமீட்டர் விட்டமே உள்ள தந்துகியிலும் இரத்தம் விரைந்து ஓடும் என்று பலர் கருதுகிறார்கள். தனியொரு தந்துகி குறுகியதுதான். ஆனால் கோடிக்கணக்கான தந்துகிகளின் குறுக்குவெட்டுப் பரப்புகளைச் சேர்த்துப் பார்த்தால், அது பெருந்தமனியின் பரப்பைக் காட்டிலும் பல நூறு மடங்கு பெரிது. ஆகவே இரத்தம் மிக மெதுவாக நகரும் இடமே அதுதான். ஒற்றைச் செல் அடுக்காலான சுவரின் வழியே ஆக்சிஜனும் உணவுப் பொருள்களும் கழிவுகளும் இடம் மாறுவதற்கு அந்த மெதுவான ஓட்டமே போதிய நேரத்தைத் தருகிறது.

இவை அனைத்திலும் நான் மிகவும் கவலைப்படும் தவறு, இரத்தக் குழாயை உயிரற்ற குழாயாக எண்ணுவது. அதன் உட்பரப்பை வேயும் எண்டோதீலியச் செல்கள் வெறும் பூச்சல்ல. முயலின் பெருந்தமனித் துண்டுகளில் சோதனை செய்த அமெரிக்க மருந்தியலாளர் ராபர்ட் ஃபர்ச்காட், அந்தச் செல்கள் சுரண்டப்படாமல் இருந்தால் மட்டுமே, நரம்புச் செய்திகளைக் கடத்தும் வேதிப்பொருளான அசிட்டைல்கோலின் குழாயைத் தளர்த்துகிறது என்று 1980இல் வெளியிட்டார். அவ்வாறு தளர்த்தும் பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்பது பின்னர் உறுதியானது. அதற்கான ஆய்வுகளுக்காக அவரும் லூயிஸ் இக்னாரோவும் ஃபெரிட் முராடும் 1998இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.