மருதாணிக் கறையைத் தோல் புண்ணாகாமல் போக்குவது எப்படி

கல்யாணம், வளைகாப்பு வீடுகளுக்குப் போய் மெஹந்தி போடுகிறேன். போடும்போது எல்லாரும் "நல்லா சிவக்கணும்க்கா" என்பார்கள். நாலு நாள் கழித்து அவர்களில் சிலரே போன் செய்து, இது சீக்கிரம் போக என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒருத்திக்குத் திங்கட்கிழமை இன்டர்வியூ, இன்னொருத்தியின் மகளைப் பள்ளிக்கூடத்தில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்துவிட்டார்கள், இன்னொருவர் நரைக்கு மருதாணி போட்டு நெற்றியும் காதும் ஆரஞ்சு நிறமாகி உட்கார்ந்திருக்கிறார். போனில் அவசரமாகச் சொல்லி முடிக்க முடியாததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள், இல்லாவிட்டால் கையைத் தேய்த்துத் தேய்த்தே ரணமாக்கிவிடுவீர்கள். மருதாணி தோலுக்கு மேலே ஒட்டியிருக்கும் அழுக்கு இல்லை. இலையில் இருக்கும் லாசோன் என்ற சாயப்பொருள், தோலின் மேலடுக்கில் இருக்கும் இறந்த செல்களின் கெரட்டின் புரதத்தோடு வேதியியல் முறையில் பிணைந்துவிடுகிறது. அதனால் எந்த சோப்பும் அதைக் கழுவிவிடாது. அந்த இறந்த செல்கள் உதிர்ந்தால்தான் நிறம் போகும். உள்ளங்கையிலும் பாதத்திலும் அந்த அடுக்கு தடிமனாக இருப்பதால்தான் அங்கே நன்றாகச் சிவந்து இரண்டு வாரம் வரைக்கும் நிற்கிறது, புறங்கையில் ஒரு வாரத்தில் மங்குகிறது, நெற்றியில் மூன்று நான்கு நாளில் தானாகவே போய்விடுகிறது. நாம் செய்யக்கூடியது அந்த உதிர்தலைக் கொஞ்சம் வேகப்படுத்துவது மட்டும்தான். ஒரே நாளில் முழுசாகப் போக்கித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

விழுது இப்போதுதான் தவறிச் சொட்டியது என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். ஈரத்துணியால் இழுத்துத் துடைத்தால் இரண்டு மடங்கு இடத்துக்குப் பரவும், அதனால் டிஷ்யூவால் மெதுவாக வழித்து எடுங்கள், தேங்காய் எண்ணெய் தொட்ட பஞ்சால் ஒற்றி எடுங்கள், அப்புறம் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஓரிரு நிமிடத்துக்குள் செய்தால் வெளிர் மஞ்சளுக்கு மேல் போகாது.

விழுதை எடுத்த முதல் நாள் என்றால் இன்னொரு கணக்கு இருக்கிறது. எடுத்தவுடன் தெரியும் ஆரஞ்சு நிறம், காற்று பட்டுப் பட்டு ஒன்றரை இரண்டு நாளில் அடர் சிவப்பாகும். சிவப்பதற்காக நாங்கள் சொல்லும் பத்தியங்கள் இவை: ஒரு நாள் தண்ணீர் படக்கூடாது, தோசைக்கல்லில் கிராம்பைப் போட்டு அந்தப் புகையில் கையைக் காட்டு, தைலம் தடவு, சர்க்கரை கலந்த எலுமிச்சைச் சாற்றை ஒற்று. நிறம் வேண்டாம் என்பவர்கள் இவை அத்தனையையும் தலைகீழாகச் செய்யுங்கள். தைலமும் கிராம்புப் புகையும் வேண்டாம், பாத்திரம் கழுவுங்கள், துணி துவையுங்கள், கையைத் தண்ணீரிலேயே வைத்திருங்கள். முழுசாகப் போகாது என்றாலும் கருஞ்சிவப்புக்குப் போகாமல் நிற்கும்.

நன்றாகச் சிவந்த பிறகு போக்கவேண்டும் என்றால், நான் எல்லாருக்கும் சொல்வது இந்த ஒரே முறைதான். தேங்காய் எண்ணெயோ நல்லெண்ணெயோ தாராளமாகத் தடவி அரை மணி நேரம் விடுங்கள். ஒரு பேசின் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்புப் போட்டு, அதில் கையைப் பதினைந்து இருபது நிமிடம் ஊறவையுங்கள், விரல்நுனி சுருங்கி வெளுத்துவிட்டால் தோல் ஊறிவிட்டது என்று அர்த்தம். ஈரம் காயும் முன்னே பயத்தம் மாவை எண்ணெயில் குழைத்துத் தடவி, பீர்க்கங்கூடு இருந்தால் அதால், இல்லையென்றால் சொரசொரப்பான பருத்தித் துண்டால், வட்டவட்டமாக இரண்டு நிமிடம் தேயுங்கள். அழுத்தம் வேண்டாம், குழந்தைக்கு நலங்குமா தேய்க்கிற மாதிரி இருந்தால் போதும். கழுவிவிட்டு உடனே எண்ணெயோ வேறு ஏதாவது மாய்சரைசரோ பூசுங்கள். ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும். உள்ளங்கைக்கு மட்டும் வேண்டுமானால் காலை, இரவு என்று இரண்டு தடவை செய்யலாம். மூன்று நாலு நாளில் திட்டுத்திட்டாக மங்க ஆரம்பிக்கும். அந்தத் திட்டைப் பார்த்துப் பதறி அதிகமாகத் தேய்க்கத் தோன்றும், தேய்க்காதீர்கள், அது சரியாகிவிடும். தோல் சிவந்தாலோ எரிந்தாலோ இரண்டு நாள் நிறுத்திவிட்டு எண்ணெய் மட்டும் பூசுங்கள்.

கையில் வெட்டுக்காயம் இருந்தால் உப்புத் தண்ணீர் வேண்டாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குப் பாதத்தில் சூடு தெரியாமல் போகலாம், அதனால் தண்ணீரின் சூட்டை வேறு யாராவது முழங்கையால் தொட்டுப் பார்க்கட்டும், சொரசொரப்பான கல்லால் பாதத்தைத் தேய்ப்பதும் அவர்களுக்குக் கூடவே கூடாது.

முகத்தில் இந்த உப்பு, தேய்ப்பு எதுவும் வேண்டாம். எண்ணெய்ப் பஞ்சைப் பத்து நிமிடம் வைத்து ஒற்றி எடுங்கள், வழக்கம்போல முகம் கழுவுங்கள், அவ்வளவுதான். நகத்தில் ஏறிய நிறத்துக்கு எந்த வைத்தியமும் இல்லை. நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளரும், அப்படி வளர்ந்து வளர்ந்து வெட்டினால்தான் போகும். அரத்தால் ராவி நகத்தை மெல்லியதாக்கிக்கொள்ளாதீர்கள். அவசரமென்றால் நெயில் பாலிஷ் போட்டு மறைத்துக்கொள்ளலாம்.

இனி, தயவுசெய்து செய்யாதீர்கள் என்று நான் கெஞ்சிச் சொல்லும் விஷயங்கள். நான் மெஹந்தி போட்டுவிட்ட ஒரு பெண், வேலையில் சேரும் நாளுக்கு முன்தினம் துணிக்குப் போடும் பிளீச்சைக் கரைத்து மணிக்கட்டில் துணியைச் சுற்றிவைத்திருக்கிறாள். மருதாணி போகவில்லை, தோல்தான் வெந்தது. அந்தத் தழும்பை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மனசு ஆறவில்லை. துணி பிளீச், பிளீச்சிங் பவுடர், பாத்ரூம் ஆசிட் எதுவும் தோல் பக்கமே வரக்கூடாது. எலுமிச்சையும் சமையல் சோடாவும் கலந்து தேய்க்கச் சொல்லும் குறிப்பு வீட்டுக்கு வீடு சுற்றுகிறது. அமிலமும் காரமும் சேர்ந்தால் நுரைத்து ஒன்றையொன்று சமன் செய்துவிடும், மிஞ்சுவது சொரசொரப்பு மட்டும்தான், அதற்குப் பயத்தம் மாவே மேல். எலுமிச்சைச் சாறு தோலில் இருக்கும்போது வெயிலில் போனால் இன்னும் மோசம், கொப்புளம் வந்து, பிறகு மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு விழலாம். நெயில் பாலிஷ் ரிமூவர் தோலை வறட்டிவிடும், பற்பசையும் பெரிதாக ஒன்றும் செய்யாது.

இதுவரை சொன்னது எல்லாம் இயற்கை மருதாணிக்கு. கருப்பாகப் பிடித்திருந்தால் விஷயமே வேறு. மருதாணி இலை ஆரஞ்சிலிருந்து பழுப்பு வரைக்கும்தான் நிறம் கொடுக்கும், மையாட்டம் கருப்பு ஒருநாளும் வராது. ஒரு மணி நேரத்தில் கன்னங்கரேலென்று பிடிக்கும் கோனில் பெரும்பாலும் பிபிடி என்ற தலைச்சாய ரசாயனம் இருக்கும். சிலருக்கு ஓரிரு நாளிலும் சிலருக்கு இரண்டு வாரம் கழித்தும், போட்ட டிசைன் அப்படியே அரிப்பாக, தடிப்பாக, நீர்க்கொப்புளமாக எழும். அதைத் தேய்க்காதீர்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். விழுது இன்னும் கையில் இருந்தால் சோப்பும் நிறைய தண்ணீரும் விட்டுக் கழுவிவிட்டு, கோன் கவரையும் எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள். ஒரு தடவை பிபிடி ஒத்துக்கொள்ளாமல் போனால் அது ஆயுசுக்கும் நிற்கலாம், பிற்பாடு தலைக்குச் சாயம் அடிக்கும்போது முகமே வீங்கிப்போகலாம். அதனால் இதை ஞாபகம் வைத்து, சாயம் போடுபவரிடம் மறக்காமல் சொல்லவேண்டும்.

கைக்குழந்தைக்கு ஆசையாக இட்டுவிடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைக்கு இயற்கை மருதாணியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துவிடலாம். இந்தக் குறை பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது. இட்ட பிறகு குழந்தை வெளிறினாலோ, மஞ்சள் பூத்தாலோ, சிறுநீர் கருத்துப் போனாலோ, சோர்ந்து கிடந்தாலோ கறையைப் பற்றி யோசிக்காமல் நேராக மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

நாளைக் காலையே எங்காவது போயாகவேண்டும் என்றால் போக்க முயலாமல் மறைத்துவிடுங்கள். புறங்கை நிறத்துக்குப் பொருந்தும் கன்சீலரை மெல்லியதாக இரண்டு பூச்சு ஒற்றி, மேலே பவுடர் போட்டால் வெளிர்ந்த டிசைன் கண்ணுக்குத் தெரியாது, உள்ளங்கையில் மட்டும் அது நிற்காது. தலைக்கு மருதாணி போடுபவர்கள் அடுத்த தடவை ஆரம்பிக்கும் முன்பே முடியோரம், காது மடல், பிடரி எல்லாம் வாசலின் தடவிவிடுங்கள், கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். வழிந்தாலும் துணியால் துடைத்தால் வந்துவிடும்.