மேற்கு ஆப்பிரிக்கத் தெய்வங்களைப் பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேற்கு ஆப்பிரிக்க வழிபாடு என்றதும் பலருக்கும் முதலில் வாயில் வருவது 'சூனியம்' என்ற சொல்தான். ஊசி குத்திய பொம்மை நினைவுக்கு வரும். அது பெரும்பாலும் சினிமா தந்த படம். பெனின் நாட்டில் 'வோடூன்' என்றால் தெய்வம், அந்தத் தெய்வங்களை வணங்கும் நெறி, அவ்வளவுதான். அங்கே ஜனவரியில் அதற்கான திருநாள் வருகிறது, அரசு விடுமுறையும்கூட.

எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைப்பதும் தவறு. கானாவின் அக்கான் மக்களுக்குப் பரம்பொருள் நியாமே, நைஜீரியாவின் யொருபாக்களுக்கு ஒலோடுமாரே. மொழி வேறு, கதை வேறு, சடங்கும் வேறு. 'ஒரிஷா' எனப்படும் தெய்வங்கள் பல இருப்பதால் யொருபாக்களுக்கு ஒரே கடவுள் என்ற எண்ணமே கிடையாது என்று முடிவு கட்டிவிட வேண்டாம்.

எனக்கு மனம் வலிப்பது எஷு விஷயத்தில்தான். யொருபாக்களின் ஒரிஷாக்களில் ஒருவரான எஷு முச்சந்திகளின் காவலர். மனிதர் தரும் படையலை மேலுலகுக்குக் கொண்டுசேர்க்கும் தூதர். அதனால் எந்தப் பூசையிலும் முதல் பங்கு அவருக்குத்தான். அவர் கல்லின்மேல் செம்பனை எண்ணெய் ஊற்றுவார்கள். குறும்புக்காரர், மனிதரைச் சோதிப்பவர், ஆனால் தீமையின் அரசன் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் பைபிள் யொருபா மொழிக்குப் போனபோது சாத்தானுக்கு அவர் பெயரை வைத்துவிட்டார்கள். அந்தப் பணியில் முன்நின்ற சாமுவேல் அஜாயி குரௌதரே ஒரு யொருபாதான். அந்த ஒரு சொல்லால் ஒரு தெய்வம் சொந்த ஊரிலேயே பேயாகிப்போனது. நாமும் தமிழில் எஷுவைச் 'சாத்தான்' என்று எழுதினால் அதே அநியாயத்தைத் தொடர்கிறோம்.

அடுத்தது யொருபாக்கள் குறி கேட்கும் முறையான இஃபா. இதை வெறும் குறி சொல்லுதல் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நடப்பதைக் கொஞ்சம் பாருங்கள். பாபாலாவோ எனப்படும் பூசாரி 16 பனங்கொட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, மறு கையால் ஒரே வீச்சில் அள்ளுகிறார். ஒன்று மிஞ்சினால் மரத்தட்டில் பரப்பிய பொடியில் இரண்டு கோடு, இரண்டு மிஞ்சினால் ஒரு கோடு. வேறு எண்ணிக்கை வந்தால் கணக்கில்லை, மறுபடி அள்ள வேண்டும். இப்படி எட்டுக் குறிகள் சேர்ந்தால் 'ஓடு' எனப்படும் 256 குறி வடிவங்களில் ஒன்று அமையும். ஒவ்வொரு ஓடுவுக்கும் ஏராளமான பாட்டுகள் உண்டு, எல்லாம் மனப்பாடம். வந்தவர் பல நேரம் தன் குறையை வாய்விட்டுச் சொல்வதுகூட இல்லை. பூசாரி பாட்டுகளை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போக, 'இது என் கதை' என்று அவரே கண்டுகொள்கிறார். பல ஆண்டுப் பயிற்சி கேட்கிற வாய்மொழி இலக்கியம் இது. யுனெஸ்கோ 2005இல் இதை மனிதகுலத்தின் வாய்மொழி மரபுச் செல்வங்களில் ஒன்றாக அறிவித்தது.

அப்புறம், இதெல்லாம் பழங்கதை என்று இறந்தகாலத்தில் எழுதாதீர்கள். நைஜீரியாவின் ஒசோக்போ நகரில் ஒஷுன் தேவியின் ஆற்றங்கரைக் காட்டில் ஆகஸ்டுதோறும் விழா நடக்கிறது. அடிமைகளாகக் கடல் கடத்தப்பட்டவர்களோடு போன ஒரிஷாக்களை இன்றும் கியூபாவிலும் பிரேசிலிலும் வணங்குகிறார்கள். இரும்பின் தெய்வமான ஓகுன், கொல்லர்களுக்கு மட்டுமல்ல, லாரி ஓட்டுநருக்கும் மெக்கானிக்குக்கும் காவல். நைஜீரிய நீதிமன்றத்தில் ஓகுனை வணங்குபவர் சாட்சி சொல்ல வந்தால், இரும்பைத் தொட்டுச் சத்தியம் செய்யலாம்.