நாலு கதை, ஒரு பை, பதினோரு பிணம்: இந்த வகைப் படம் எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தில் புட்ச் என்றொரு குத்துச்சண்டைக்காரன் தன் சொந்த வீட்டுக்கே திருடன் மாதிரி பதுங்கி வருவான். தோற்றுப்போவதாக ஒரு தாதாவிடம் பணம் வாங்கிக்கொண்டு, மேடையில் ஜெயித்துவிட்டு ஓடிக்கொண்டிருப்பவன். அப்பா விட்டுப்போன கைக்கடிகாரத்தைக் காதலி எடுத்துவர மறந்துவிட்டாள், அதற்காகத்தான் இந்தத் திரும்பல். கடிகாரம் கிடைத்துவிட்டது. கிளம்ப வேண்டியதுதானே? வயிறு கேட்கவில்லை. டோஸ்டரில் இரண்டு தின்பண்டத்தைச் செருகிவிட்டுத் திரும்பினால் சமையல் மேடையில் ஒரு துப்பாக்கி கிடக்கிறது. எடுக்கிறான். கழிப்பறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம். கதவைத் திறந்துகொண்டு, கையில் புத்தகத்தோடு அந்தத் தாதாவின் அடியாள் வின்சென்ட் நிற்கிறான். இருவரும் அசையவில்லை. டோஸ்டர் ‘டக்’கென்று துள்ளுகிறது. வின்சென்ட் காலி.

1994-இல் கான் திரைப்பட விழாவில் தங்கப் பனை விருது வாங்கிய படம். சுமார் 80 லட்சம் டாலரில் எடுத்தது, 20 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இதைப் பார்த்துவிட்டு ‘படம்னா இப்படித்தான் எடுக்கணும்’ என்று கிளம்பியவர்கள் உலகம் முழுக்க உண்டு. நம் ஊரில் இன்னும் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு குறும்படம் முடித்த கையோடு முதல் படத்துக்கு எழுதும் தம்பிகள் சிலர், படித்துப் பார்க்கச் சொல்லி ஸ்கிரிப்டை என்னிடம் கொடுப்பார்கள். பாதிக்கு மேல் இந்த வகைதான், பல கதைகள் ஒன்றோடொன்று குறுக்கிடும் குற்றப் படம். நாலு டிராக் (தனித்தனிக் கதை), ஒரு பணப்பை, ஒரு தாதா, ஒரு மக்கு அடியாள், கடைசியில் பாதி கட்டிய கட்டடத்தில் எல்லோரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொள்வது. சறுக்குகிற இடங்களும் கிட்டத்தட்ட ஒன்றேதான்.

பெரிய சறுக்கல், வரிசையைக் கலைப்பதில். “நேராகச் சொன்னா சப்புன்னு இருக்குண்ணா, அதான் நான்லீனியரா மாத்திட்டேன்” என்று ஒரு தம்பி சொன்னான். சப்பென்ற கதையைக் கலைத்தால் சப்பென்ற குழப்பம்தான் கிடைக்கும். ‘பல்ப் ஃபிக்‌ஷ’னை நேர் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். சாப்பாட்டுக் கடையில் திருட்டு, பிறகு வின்சென்ட் முதலாளியின் மனைவியை வெளியே கூட்டிப்போவது, பிறகு புட்ச் கதை. வின்சென்ட் நடுவிலேயே செத்துவிடுவான், புட்ச் காதலியோடு மோட்டார் பைக்கில் தப்பிப்பதோடு படம் முடியும். சுமாரான முடிவு.

படத்தை எழுதி இயக்கிய டரான்டினோ என்ன செய்தார்? வின்சென்ட் சாவதை முன்னால் காட்டிவிட்டு, சாப்பாட்டுக் கடையைக் கடைசியில் வைத்தார். அந்த மேசையில்தான் கூட்டாளி ஜூல்ஸ் ‘இந்தத் தொழிலே வேண்டாம், கிளம்புகிறேன்’ என்று முடிவெடுக்கிறான். அன்று காலை எதிரி கைக்கெட்டும் தூரத்தில் நின்று சுட்ட குண்டு ஒன்றுகூட மேலே படாததைக் கடவுள் கொடுத்த சமிக்ஞையாக எடுத்துக்கொள்கிறான். வின்சென்ட் அதைக் கிண்டல் செய்கிறான். பிறகு இருவரும் அரைக்கால் சட்டையில் துப்பாக்கியைச் செருகிக்கொண்டு கோமாளிகள் மாதிரி கடையை விட்டு வெளியேறுகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்க்கிற நமக்கு வயிற்றில் ஏதோ செய்கிறது. தொழிலில் தங்கப்போகிறவனுக்கு என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது. வரிசையைக் கலைத்ததால் கிடைத்த லாபம் இதுதான். உங்கள் ஸ்கிரிப்டில் கலைப்பதால் என்ன லாபம் என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியவில்லையென்றால் நேராகவே எழுதிவிடுங்கள்.

இன்னொரு நல்ல காரணமும் உண்டு. 1956-இல் வந்த குப்ரிக்கின் ‘தி கில்லிங்’ குதிரைப் பந்தய மைதானத்துக் கொள்ளையைப் பற்றியது. கடிகாரத்தைப் பின்னால் திருப்பித் திருப்பி, திட்டத்தில் ஒவ்வொருவனுக்கும் ஒதுக்கிய பங்கைத் தனித்தனியாகக் காட்டுவார். ஒருவன் இங்கே வேலையை முடிக்கிற நேரத்தில் இன்னொருவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான் என்று நாமே கோத்துக்கொள்கிறோம். திட்டமே துண்டு துண்டாக இருப்பதால் சொல்லும் முறையும் அப்படி.

சரி, அடுத்தது கதைகள் குறுக்கிடும் இடம். எனக்கு அதிகம் கோபம் வருவது இங்கேதான். முதல் டிராக் ஆள் டீ குடிக்கும்போது பின்னால் இரண்டாவது டிராக் ஆள் பைக்கில் போவான். அரை மணி நேரம் கழித்து அதே டீக்கடையை மறுபக்கத்திலிருந்து காட்டுவார்கள். தியேட்டரில் நாலு பேர் விசில் அடிப்பார்கள், உண்மை. ஆனால் அந்தச் சந்திப்பால் யாருக்கும் எதுவும் நஷ்டமில்லை, லாபமுமில்லை. ஸ்கிரிப்டிலிருந்து அதை உருவிவிட்டாலும் இரண்டு கதையும் அதது பாட்டுக்குப் போகும். உருவிப் பார்ப்பதுதான் சோதனை.

‘அமோரெஸ் பெர்ரோஸ்’ இதற்கு நல்ல பாடம். 2000-இல் வந்தது, இன்யாரிட்டு இயக்கி, அரியாகா எழுதிய மெக்சிகோ படம். மெக்சிகோ நகரத்தில் ஒரு கார் விபத்து, மூன்று கதைகள். நாய்ச் சண்டையில் பணம் பார்த்துக்கொண்டிருந்த ஒக்டாவியோ, எதிராளி தன் நாயைச் சுட்டதும் அவனைக் கத்தியால் குத்திவிட்டு, ரத்தம் ஒழுகும் நாயோடு காரில் பறக்கிறான். அந்தக் கார் மோதியதில் வலேரியா என்ற விளம்பர மாடலின் கால் நொறுங்குகிறது, பிறகு காலையே எடுக்க வேண்டிவருகிறது. தெருவோரம் நின்ற எல் சீவோ என்ற கிழட்டுக் கூலிக்கொலைகாரன் ஓடிவந்து நாயைத் தூக்கிப்போகிறான். வீட்டில் ஏற்கெனவே ஒரு பட்டாளம் நாய்கள். அதுதான் அவன் குடும்பம். கட்டுப்போட்டு, தீனி வைத்து, பிழைக்கவைக்கிறான். ஒருநாள் வெளியே போய்த் திரும்பினால் எல்லா நாய்களும் கடித்துக் குதறப்பட்டுக் கிடக்கின்றன. சண்டைக்குப் பழக்கிய நாய், பழக்கியதைச் செய்திருக்கிறது. துப்பாக்கியை அதன் தலையில் வைக்கிறான், சுட முடியவில்லை. காசுக்கு மனிதர்களைக் கொல்பவன், அந்த நாயின் முகத்தில் தன்னைப் பார்த்துவிட்டான். அதன் பிறகு அவன் கைக்கு வந்த கொலை வேலையும் வேறு மாதிரி திரும்புகிறது.

பாருங்கள், ஒரே விபத்து. ஒருத்தியிடம் காலைப் பிடுங்கியது, ஒருவனிடம் குடும்பத்தைப் பிடுங்கியது. முதல் கதையில் செய்த பாவம் நாலு காலில் நடந்து மூன்றாவது கதைக்குள் போயிருக்கிறது. நம் ஸ்கிரிப்டுகளில் வரும் பணப்பைக்கு இந்தத் திராணி கிடையாது. யார் கையில் இருந்தாலும் அது அதே பைதான்.

தற்செயலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ‘எதேச்சையாக அங்கே வந்த போலீஸ்’ ஹீரோவைக் காப்பாற்றினால் பார்ப்பவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். அதே எதேச்சை அவனை மாட்டிவிட்டால் சீட்டு நுனிக்கு வருவார்கள். வின்சென்ட்டைச் சுட்டுவிட்டு நிம்மதியாகக் காரோட்டிப் போகிற புட்ச் சிக்னலில் நிற்கிறான். எதிரே தீனி வாங்கிக்கொண்டு சாலையைக் கடப்பது, அவன் யாருக்குப் பயந்து ஓடுகிறானோ அந்த முதலாளியேதான். அப்பட்டமான தற்செயல், ஆனால் யாருமே குறை சொல்வதில்லை. அந்தக் கணத்திலிருந்து இருவருக்கும் அடிமேல் அடி.

வசனத்துக்கு வருவோம். ‘சம்பந்தமே இல்லாமல் பேசிக்கொள்வார்கள், அதுதான் இந்த ஸ்டைல்’ என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பிணத்தைத் தூக்கிக்கொண்டே இரண்டு அடியாட்கள் பரோட்டாவுக்குச் சால்னாவா குருமாவா என்று மூன்று பக்கம் பேசுவார்கள். படிக்கும்போது எனக்கும் சிரிப்பு வரும், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஜூல்ஸும் வின்சென்ட்டும் காரில் ஐரோப்பிய பர்கரைப் பற்றிப் பேசுவது சும்மா இல்லை. சற்று நேரத்தில் ஜூல்ஸ் ஓர் அறைக்குள் நுழைந்து, நடுங்கிக்கொண்டிருக்கும் பையனின் பர்கரை வாங்கி, ருசித்துக் கடிப்பான். காரில் வேடிக்கையாக இருந்த பர்கர் இப்போது பயமுறுத்துகிறது. முதலாளியின் மனைவிக்குக் காலைப் பிடித்துவிட்டவனை மாடியிலிருந்து தள்ளிவிட்ட கதையையும் வழியில் பேசுகிறார்கள். அதே மனைவியைத்தான் வின்சென்ட் மறுநாள் சாப்பிடக் கூட்டிப்போக வேண்டும். அந்த இரவு முழுக்க அந்த மாடி நமக்கு ஞாபகத்தில் இருக்கும்.

டரான்டினோவின் இன்னொரு படமான ‘ரிசர்வாயர் டாக்ஸ்’ தொடக்கத்தில் கொள்ளைக்காரர்கள் டிப்ஸ் வைப்பதா வேண்டாமா என்று சண்டை போடுவார்கள். காசு குறைகிறதே, யார் போடவில்லை என்று பெரியவர் கேட்கும்போது பட்டென்று காட்டிக்கொடுப்பவன், ஆரஞ்சு என்று பட்டப்பெயர் வைத்த ஆள். அவன்தான் கூட்டத்துக்குள் புகுந்த போலீஸ்காரன் என்று பின்னால் தெரியவரும். இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் எனக்கே உறைத்தது.

இன்னொன்று, எல்லோரும் ஒரே குரலில் பேசுவது. தாதாவும் பால்காரரும் கல்லூரிப் பெண்ணும் டைரக்டர் மாதிரியே நக்கலடிப்பார்கள். ‘சூப்பர் டீலக்ஸ்’ எழுத்தில் தியாகராஜன் குமாரராஜாவோடு மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் ஆகியோர் பெயரும் வரும். அந்த வசதி எல்லோருக்கும் அமையாது. குறைந்தபட்சம், பெயர்களை மறைத்துவிட்டு வசனத்தை மட்டும் யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். யார் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடிகிறதா பாருங்கள்.

ரத்தம். சுட்டால் உடனே சாவது, செத்தவுடன் அடுத்த சீன். இதனால் பதினோரு பிணம் விழுந்தும் ஒன்றும் உறைப்பதில்லை. ‘ரிசர்வாயர் டாக்’ஸில் வயிற்றில் குண்டு வாங்கிய ஆரஞ்சு கிட்டத்தட்டப் படம் முழுக்கச் செத்துக்கொண்டே இருப்பான். காதை அறுக்கும் இடத்தில் கேமரா முகத்தைத் திருப்பிக்கொள்ளும், நாம் பார்ப்பது வெறும் சுவர்தான். ஆனாலும் பார்த்தவர்கள் ‘அறுப்பதைக் காட்டினார்கள்’ என்று சத்தியம் செய்வார்கள். ‘பல்ப் ஃபிக்‌ஷ’னில் காருக்குள் கைதவறி ஒரு பையன் சுடப்படுகிறான். அதற்கப்புறம் நீளமான ஒரு பகுதி முழுக்க அந்தக் காரை எப்படிக் கழுவுவது, நண்பனின் மனைவி வேலையிலிருந்து வருவதற்குள் பிணத்தை எப்படி அகற்றுவது என்பதுதான். வேடிக்கை அங்கேதான் பிறக்கிறது. எழுதும்போது ‘இந்த ரத்தத்தை யார் துடைப்பது?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் பாதிப் பிணங்கள் தானாகக் குறைந்துவிடும்.

சில்லறைத் தவறுகளும் உண்டு. ஆளுக்கொரு விசித்திரப் பட்டப்பெயர் வைப்பது, நாலாவது பெயருக்குமேல் யாருக்கும் நினைவில் நிற்காது. முடிச்சை வாய்ஸ்ஓவரில் அவிழ்ப்பது. ஏ சான்றிதழ் வாங்கிய படத்தை டிவியில் அப்படியே போட முடியாது, வெட்டி மறுசான்றிதழ் வாங்க வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரிடம் முதல் நாளே பேசாமல் விடுவது. அப்புறம், எல்லா டிராக்கிலும் ரவுடியே இருப்பது. 2011-இல் வந்து, முதல் படத்துக்கான தேசிய விருது வாங்கிய ‘ஆரண்ய காண்ட’த்தில் கேங் சண்டைக்கு நடுவே எனக்கு மனசில் நிற்பது சேவலைத் தூக்கிக்கொண்டு திரிகிற காளையனும் மகன் கொடுக்காப்புளியும்தான். அவர்களுக்குத் தொழில் தெரியாது, கையில் சிக்கிய போதைச் சரக்கின் மதிப்பும் தெரியாது. கேங்ஸ்டர்களுக்கு நடக்கிற எதையும்விட இவர்களுக்கு என்ன ஆகுமோ என்றுதான் பதறுகிறோம்.

போன வருடம் ஒரு தம்பி கொண்டுவந்த ஸ்கிரிப்டில் ஐந்து டிராக் இருந்தது. 22-ஆம் பக்கத்தில் ஓர் ஆட்டோக்காரர், பின்சீட்டில் ஏறிய ஆள் செத்துக் கிடப்பது தெரியாமலே தாம்பரம் வரை ஓட்டிப்போவார். வழியெல்லாம் மகள் ஸ்கூல் ஃபீஸைப் பற்றிப் புலம்புவார். பிணம் பதில் சொல்லாததை, பொறுமையாகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொள்வார். அருமையான சீன். அதற்கப்புறம் 140 பக்கத்தில் அவரைக் காணவே காணோம்.

“அந்த ஆட்டோக்காரருக்கு என்னப்பா ஆச்சு?” என்று கேட்டேன்.

“அவர் சும்மா ஒரு லிங்க்குண்ணா.”

“மீட்டர் காசு யார் கொடுத்தது?”

கொஞ்ச நேரம் யோசித்தான். ஸ்கிரிப்டை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு போனான். இரண்டு மாதம் கழித்துப் புதுப் பிரதி வந்தது. மூன்று டிராக்தான் மிச்சம், பணப்பை காணாமல் போயிருந்தது. பிணத்தின் சட்டைப்பையில் மீட்டர் காசைத் தேடும்போது ஆட்டோக்காரர் கைக்கு ஒரு சாவி மாட்டுகிறது.