தூர்வாரும் பணியில் எலிக்காய்ச்சலைத் தவிர்க்கும் முறை

கிருஷ்ணகிரி அணையின் பாசன வாய்க்கால்களில் தூர்வாருவோர், நூறு நாள் வேலையில் ஏரி வெட்டுவோர், மதகடியில் ஆகாயத்தாமரை அகற்றுவோர், ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுவோர் ஆகிய எல்லோரும் எலிக்காய்ச்சலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும். எலி, மாடு, பன்றி, நாய் ஆகியவற்றின் சிறுநீர் வழியாக வெளியேறும் லெப்டோஸ்பைரா என்னும் பாக்டீரியாதான் இந்நோயை உண்டாக்குகிறது. அது ஈரமான மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியது. நீர் தெளிவாக இருப்பதால் கிருமி இல்லை என்று முடிவு செய்யக் கூடாது.

இக்கிருமி பெரும்பாலும் தோலில் உள்ள காயத்தின் வழியாகவும், நெடுநேரம் நீரில் ஊறிய தோல், கண், மூக்கு, வாய் ஆகியவற்றின் வழியாகவும் உடலுக்குள் புகுகிறது. ஆகவே நீரில் இறங்குமுன் பித்தவெடிப்பு, சேற்றுப்புண், கருவேல முள் குத்திய இடம், மண்வெட்டி பட்ட கீறல் ஆகியவை கை கால்களில் உள்ளனவா என்று பார்த்து, தண்ணீர் புகாத பிளாஸ்டரால் மூட வேண்டும். துணிக்கட்டு போதாது, அது சேற்றுநீரை உறிஞ்சிக் காயத்தின் மேலேயே வைத்திருக்கும். கம்பூட் எனப்படும் உயரமான ரப்பர் காலணியும் ரப்பர் கையுறையும் அணிவது நல்லது என்றாலும், கம்பூட்டுக்குள் நீர் புகுந்துவிட்டால் உடனே கரையேறிக் கொட்டிவிட்டுக் காலைத் துடைக்க வேண்டும். ஆறாத புண் உள்ளவர்களுக்கும், காலில் புண் உள்ள சர்க்கரை நோயாளிகளுக்கும் கரையில் மண் சுமத்தல் போன்ற உலர்ந்த வேலையைத் தருவது பணித்தளப் பொறுப்பாளரின் கடமை. அவர்கள் அதைக் கேட்பதைச் சோம்பலாகக் கருதக் கூடாது.

சேறு படிந்த கையால் வெற்றிலை போடுவதும் பீடி பிடிப்பதும் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உலர்ந்த உடை மாற்றி, கம்பூட்டை வெயிலில் காயவைக்க வேண்டும். வறட்சியை இக்கிருமி தாங்காது.

நோய் பெரும்பாலும் 5 முதல் 14 நாட்களில் தெரியவரும்; சிலருக்கு 30 நாட்கள் வரையும் ஆகலாம். அதற்குள் ஏரி வேலையே முடிந்திருக்கும் என்பதால், காய்ச்சலையும் வேலையையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் வலி, கண் சிவத்தல் ஆகியவை தோன்றினால் மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குச் செல்ல வேண்டும். சில வலி மாத்திரைகள், ஏற்கெனவே நோயால் பாதிக்கப்படக்கூடிய சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். டெங்கு உள்ளிட்ட பல காய்ச்சல்களும் தொடக்கத்தில் இதே போல் இருப்பதால், எந்த ஏரியில், எந்தத் தேதி வரை நீரில் நின்றீர்கள் என்பதை மருத்துவர் கேட்குமுன் நீங்களே சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் என்ற சந்தேகம் வலுவாக இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் சிகிச்சையைத் தொடங்க இந்த ஒரு தகவல் உதவும். டாக்சிசைக்ளின், பென்சிலின் போன்ற மருந்துகள் தொடக்க நாட்களில்தான் மிகுந்த பயன் தரும்.

ஆபத்து அதிகமான இடங்களில், வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் தடுப்பு மருந்தாகத் தரப்படுவதுண்டு. அதை மருத்துவர் சொல்லாமல் எவரும் உட்கொள்ளக் கூடாது. கருவுற்ற பெண்கள் தம் நிலையை முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

கண் மஞ்சளாதல், சிறுநீர் குறைதல், மூச்சுத்திணறல், இருமலில் இரத்தம் ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் 108 ஆம்புலன்ஸை அழைத்து, தர்மபுரி அல்லது கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுங்கள்.