எபிசு கோயிலுக்குப் போகும் மதுரைக்காரர்களுக்கு

கையில் தூண்டிலும் இடுப்போரம் மீனுமாகச் சிரிக்கும் எபிசு, ஜப்பானின் ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர். மீனவர்களின் சாமி, பிறகு வியாபாரிகளும் கும்பிட ஆரம்பித்தார்கள். ஒசாகா பக்கம் போகிறவர்களுக்கு நிஷினோமியா கோயில் வசதி. எபிசு கோயில்களுக்கெல்லாம் அதுதான் தலைமை. ஒசாகா-உமேதாவில் ஹான்ஷின் ரயில் ஏறினால் 20 நிமிடத்துக்குள் நிஷினோமியா. அங்கிருந்து நடந்தே போய்விடலாம்.

செருப்பைக் கழற்ற வேண்டாம். தேங்காய், மாலை, சூடம் எதுவும் வேண்டாம். 'தோரி' வாசலில் ஒருமுறை தலைகுனிந்து, பாதையின் ஓரமாக நடங்கள். நடுப்பாதை சாமிக்கு.

தண்ணீர்த் தொட்டியில்தான் நம் ஆட்கள் தடுமாறுவார்கள். அகப்பையை வலக்கையில் எடுத்து ஒரே ஒருமுறை மொள்ளுங்கள். எல்லாம் அந்தத் தண்ணீரிலேயே முடிய வேண்டும். முதலில் இடக்கை, பிறகு கை மாற்றி வலக்கை. மறுபடி வலக்கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி வாய் கொப்பளிக்கவும். அகப்பையில் வாய் வைக்கக் கூடாது. இடக்கையை இன்னொரு தரம் கழுவி, மிச்சத் தண்ணீர் பிடியில் வழியும்படி அகப்பையை நிமிர்த்திக் கவிழ்த்து வையுங்கள். முதல் கைக்கே தாராளமாக ஊற்றினால் பிடி கழுவத் தண்ணீர் இருக்காது. துப்புவது தொட்டிக்குள் அல்ல, கீழே ஓடும் வடிகாலில்.

சன்னிதியில் காணிக்கைப் பெட்டியில் நாணயம் போடுங்கள். 5 யென் போதும். இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி, வேண்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை குனிய வேண்டும். சாஷ்டாங்கமாக விழுவது, கன்னத்தில் போட்டுக்கொள்வது இங்கே வழக்கமில்லை.

ஒசாகாவிலுள்ள இமாமியா எபிசுவுக்குப் போனால் பின்புறமும் போங்கள். எபிசுவுக்குக் காது மந்தம் என்பார்கள்; அதனால் அங்கே இருக்கும் சேகண்டியைத் தட்டி வேண்டுதலைச் சொல்வது வழக்கம். சண்டிகேஸ்வரர் முன் கைதட்டிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

திருவிழா ஜனவரி 9, 10, 11. முடித்துவிட்டுப் பொங்கலுக்கு ஊர் திரும்பிவிடலாம், ஆனால் கூட்டம் சித்திரைத் திருவிழா மாதிரி நெரிக்கும், குளிரும் கடுமை. நிஷினோமியாவில் 10ஆம் தேதி காலை 6 மணிக்குக் கதவு திறந்ததும் சன்னிதிக்கு 230 மீட்டர் ஓட்டம். முதல் மூவர் அந்த ஆண்டின் அதிர்ஷ்டசாலிகள். வளைவுகளில் வழுக்கி விழுவார்கள், வேடிக்கை பார்ப்பதே நல்லது. காணிக்கையாக வந்த பெரிய சூரை மீன்மேல் நாணயம் ஒட்டுவதையும் பார்க்கலாம்.

இமாமியாவில் திருவிழாவின்போது அதிர்ஷ்டத்துக்காகத் தரும் மூங்கில் கிளை இலவசம்; அதில் கட்டும் அலங்காரங்களுக்குத்தான் காசு. பச்சைக் கிளை விமான நிலையச் சோதனையில் மாட்டும், ஊருக்குக் கொண்டுவரச் சின்னத் துணிப்பையில் வரும் தாயத்து வாங்குங்கள். அந்தப் பையைப் பிரிக்கக் கூடாது.